ஒலிவாங்கி யார் கையில்?



நினைவுச் சொற்பொழிவில் பெண்ணின் காமமும் பகிடியுமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. வள்ளுவரே மூன்றாம் பால் எழுதினார் என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை.

நம்முடைய சாமத்தியவீட்டையே எடுப்போம். சின்னப் பெட்டைக்குப் பட்டுச் சேலை, பாரமான அட்டியல். அவளின் படம் போட்ட பதாகை சந்தியில் தொங்கும். ரொறன்ரோ மாமாவின் செலவில் வீடியோக்காரர் வருவார். அவளுக்கு முதல் இரத்தம் வந்த செய்தியை ஒலிபெருக்கி ஊருக்கே சொல்லும். அடுத்த மாதம் அதே பிள்ளை பாமசியில் நப்கின் கேட்டால், கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்து, பேப்பரில் சுற்றி, கறுத்த சொப்பின் பைக்குள் போட்டுக் கொடுப்பார். தமையனுக்கு மீசை அரும்பியபோது எவரும் பந்தல் போடவில்லை. அவன் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்று கேட்கவும் ஆளில்லை. பகிடி மேடைக்கு இதை அப்படியே கொண்டுபோகலாம், மிகைப்படுத்தவே தேவையில்லை.

2016இல் நெட்பிளிக்ஸில் வெளியான ‘பேபி கோப்ரா’ நிகழ்ச்சியில் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் அலி வோங் ஏழு மாதம் கடந்த வயிற்றோடு மேடையேறினார். கல்யாணத்துக்கு முந்திய உறவுகளையும் தன் ஆசைகளையும் வாய்விட்டுப் பேசினார். நாமும் பிள்ளைத்தாச்சிக்குக் கதிரை கொடுப்போம், மாங்காய் தேடிக் கொடுப்போம். அந்த வயிறு எப்படி வந்தது என்று அவள் சொல்லத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவோம்.

நாம் எழும்பிப் போவதற்கு ஆபாசம்தான் காரணம் என்றால் நம்பமாட்டேன். இசைநாடகத்தில் பபூன் பேசிய இரட்டை அர்த்தம் கோயில் வீதியிலேயே விடியவிடிய அரங்கேறியது. பெண்வேடம் கட்டி அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடியவரும் பெரும்பாலும் ஆண்தான். முன்வரிசைப் பாட்டிமார் வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்கள்.

சட்டமும் இந்த வீட்டுப் பிள்ளைதான். 1995இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். நீதிமன்றம் பிரித்து வைக்காத மனைவியைக் கணவன் வல்லுறவுக்கு உட்படுத்துவது அப்போதும் குற்றமாகவில்லை. ஆனால் 365அ பிரிவில், ஆண்களுக்கிடையிலான உறவை மட்டும் தண்டித்துவந்த வாசகம் ‘ஆட்கள்’ என்று மாறியது. பெண்ணைப் பெண் விரும்புவதும் குற்றப்பட்டியலில் ஏறியது. பால்சமத்துவம் தண்டனையில் மட்டும் வேகமாக வந்து சேர்ந்தது!

நகைச்சுவைக் கலைஞர் நத்தாஷா எதிரிசூரிய 2023 மே 28இல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். ‘மோடாபிமானய’ நிகழ்ச்சியில் பௌத்தத்தை நிந்தித்தார் என்பது குற்றச்சாட்டு. அது மதம் பற்றிய வழக்கு. காமத்தை அதில் நான் திணிக்கவில்லை. ஆனால் பிணை கிடைத்தது ஜூலை 5இல்தான். அவரை உள்ளே வைத்தது 2007ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம். அந்தச் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை கருத்துச் சுதந்திரத்துக்கு உரியது. இதைவிடப் பெரிய பகிடியை எந்தக் கலைஞராலும் எழுத முடியாது.

திருவிழாக் குழுவினர் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த முறையும் ‘குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா’ என்றுதான் பட்டிமன்றம் வைப்பீர்கள். அதில் அரைமணி நேரத்தை வெட்டி ஊர்ப் பெட்டை ஒருத்திக்குக் கொடுங்கள். எழுதியதை முன்கூட்டி வாங்கித் திருத்தாதீர்கள். இந்த மேடையில் வரிசையாக அமர்ந்திருக்கும் எங்கள் வேட்டிகளைப் பார்த்தே அவள் தொடங்கக்கூடும்.