வீட்டுத் தமிழும் பள்ளி ஆங்கிலமும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் எங்கள் தோட்டப் பள்ளிக்கு வந்தார். "வாத்தியாரையா, பிள்ளைக்கு இங்கிலீஷ் வரவேண்டும் என்று ஆறு மாதமாக வீட்டில் தமிழ் பேசுவதையே விட்டுவிட்டோம். இப்போது அவள் எந்தப் பாஷையிலும் பேசமாட்டேன் என்கிறாள்" என்று கண்கலங்கினார். பெற்றோர்களுக்குத் தெரிந்த ஆங்கிலமோ இருபது முப்பது சொற்கள். அந்தச் சொற்களுக்குள் கதை ஏது, கொஞ்சல் ஏது? பிள்ளை ஊமையாகிவிட்டாள். "வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள்" என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னவர்கள் நாங்களேதாம். அந்தத் தவற்றை உணர்ந்துதான் இன்று பேச வந்தோம்.

பெற்றோர்களின் ஆசையில் குற்றமில்லை. ஆபீசில் கணக்கெழுதிய கிராணிக்கும் பால்மரம் சீவிய தொழிலாளிக்கும் நடுவே வேலியாக நின்றது ஆங்கிலமே. நம் கெடா மாநிலத்தில் ஆங்கிலப் பள்ளிகள் பட்டணங்களிலேயே இருந்தன. அலோர் ஸ்டாரில் 1908-இல் தொடங்கிய அரசாங்க ஆங்கிலப் பள்ளி பின்னாளில் சுல்தான் அப்துல் ஹமீது கல்லூரி ஆயிற்று. தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாத தொலைவு. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவாயிற்று. திட்டங்கள் வரும், போகும். வீட்டின் பங்கு மட்டும் மாறுவதில்லை.

நம் பிள்ளை ஒரே சமயத்தில் மூன்று மொழிகளைக் கற்கிறது. அதன் சிரமத்தை நாம் அறிய வேண்டும். 'பஸ்' என்பதை மலாயில் பி, ஏ, எஸ் என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் பி, யு, எஸ். ஏ, ஐ, ஆர் என்ற மூன்றெழுத்தும் சேர்ந்தால் மலாயில் 'ஆயேர்', அதாவது தண்ணீர். ஆங்கிலத்தில் 'ஏர்', அதாவது காற்று. பிள்ளை மாற்றி எழுதினால் அது மந்தபுத்தியன்று. ஒரு மொழியில் கற்றதை இன்னொன்றில் பயன்படுத்திப் பார்க்கிறது, அவ்வளவே.

ஒரு மொழி மற்றொன்றுக்கு உதவியும் செய்யும். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்று தமிழில் வினையைக் கடைசியில் வைக்கிறோம். அதனால் சிறுவர் 'ஐ ரைஸ் ஈட்' என்பார்கள். 'சாயா மாக்கான் நாசி' என்ற மலாய் வாக்கியத்தை நினைவூட்டினால் போதும். மலாயிலும் ஆங்கிலத்திலும் வினை நடுவில் வருவதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, இரவில் தமிழில் கதை சொல்லுங்கள். 'ஏன்? அப்புறம் என்ன?' என்று கேளுங்கள். தமிழில் சிந்திக்கப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதிய பெயர்கள் மட்டுமே தேவை. சிந்தனையைப் புதிதாகத் தேடவேண்டியதில்லை.

இரண்டாவது, நாளும் கால்மணி நேரம் ஆங்கில விளையாட்டு. அன்று பள்ளியில் கற்ற ஐந்து சொற்களைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். வாளி, விளக்கு, சட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இங்கே குறையன்று. பிள்ளை ஆசிரியராகி மகிழும்.

மூன்றாவது, உச்சரிப்பு. 'பல்' என்பதிலும் 'கம்பம்' என்பதிலும் நாம் எழுதுவது ஒரே பகரம், ஒலியோ இரண்டு. ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள். மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு நேரே பிடித்து, 'பென்' என்று எழுதுகோலைச் சொல்லச் சொல்லுங்கள். காகிதம் நன்றாக அசையவேண்டும். 'பெட்' என்று படுக்கையைச் சொல்லும்போது அவ்வளவாக அசையாது. செலவில்லாத பாடம் இது.

பிழை கண்டு சிரிக்காதீர்கள். சிரிப்புக்கு அஞ்சிய பிள்ளை வாய் திறக்காது.

அந்தச் சிறுமியின் வீட்டில் மறுபடியும் தமிழ் பேசினார்கள். சில வாரங்களில் அவள் பேச்சு திரும்பிற்று. ஆங்கிலம் பின்னர் மெல்ல மெல்ல வந்தது.

பால்மரம் சீவியவர்களுக்கு இது தெரியும். பால் அதிகம் வேண்டுமென்று கத்தியை ஆழமாக இறக்கினால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. பிள்ளையிடமும் அவசரம் வேண்டாம். தமிழை வீட்டில் வையுங்கள். ஆங்கிலத்தை நாள்தோறும் சிறிது சேருங்கள்.