பழைய மொரிஸ் மைனரும் நாங்கள் இருவரும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கத்தின் செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து, நீரிழிவைப் பற்றிப் பேச முடியுமா, இல்லாவிட்டால் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார். வைத்தியர் என்றால் அதைத்தான் கேட்பார்கள். அந்த இரண்டைப் பற்றியும் கிளினிக்கில் கிழமைக்கு ஐந்து நாள் பேசுகிறோம், இங்கே கொஞ்சம் விடுதலை தாருங்கள் என்று கெஞ்சி இந்தத் தலைப்பை வாங்கினோம். மேடையில் ஒருத்தி நின்றாலும் பேச்சு இருவருடையது. எங்களில் மூத்தவள் வைத்தியர். இளையவள் கணித ஆசிரியை, அதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாள். காரைச் செய்தது இருவரும். ஆகவே ‘நாங்கள்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

கார் 1959 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. இலக்கத் தகட்டில் இன்னும் ‘ஸ்ரீ’ இருக்கிறது. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சர் ஐயாவுடைய கார் அது. 1980களின் தொடக்கத்தில் அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். ஒப்பாரிக் கோச்சி என்று நம் ஆட்கள் சொன்ன அந்த ரயிலில்தான் போனார். போகிறபோது, தோட்டத்து லொறி ஓட்டிய எங்கள் அப்பாவிடம் காரின் சாவியைக் கொடுத்தார். காசு பிறகு கொடுத்தால் போதும் என்றாராம். அப்பா மூன்று வருடமாகக் கொடுத்து முடித்தார்.

லயத்தில் வேறு யாரிடமும் கார் கிடையாது. அதனால் அது எங்கள் காராகவும் இல்லை. நள்ளிரவில் கதவு தட்டினால் யாருக்கோ வலி வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். இளையவளைப் பெற அம்மாவைப் பதுளைக்குக் கொண்டுபோனதும் அதில்தான். தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துக் கார் நின்றுவிட்டது. அம்மா பின் சீட்டில் வலியோடு இருக்க, அப்பா டின் ஒன்றை எடுத்துக்கொண்டு இருட்டில் ஓடையைத் தேடிப் போனார். இந்தக் கதையை அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். எங்கள் மனதில் பதிந்தது ஒன்றுதான்: இந்தக் காருக்கு மலை ஏற முடியாது.

அது காரின் குற்றமும் அல்ல. 948 சிசி எஞ்சின், 37 குதிரைவலு. இங்கிலாந்தின் சமமான தெருக்களுக்காக அலெக் இஸிகோனிஸ் வரைந்து 1948 இல் வெளிவந்த கார் அது. அதன் மேல் ஐந்து பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றி ஊவா மலையில் விட்டால் அது என்ன செய்யும்?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதே மாதம் வாகன இறக்குமதியும் நின்றது. பாவித்த ஒரு சின்னக் காரின் விலை கேட்டால் காணி விலை சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் மொரிஸ் பதினொரு வருடமாகக் கோழிகளோடு நின்றது. அதைத் திருத்துவோம், எஞ்சினையும் மாற்றிவிடுவோம் என்று தீர்மானித்தோம்.

எஞ்சின் மாற்றுவது இந்த நாட்டில் புதினமான வேலை அல்ல. மொரிஸ் மைனருக்குள் டட்சன் எஞ்சினை வைப்பதை எங்கள் ஆட்கள் ஐம்பது வருடமாகச் செய்கிறார்கள். காலியில் 1990களில் ஒரு தொழிற்சாலையில் மொரிஸ் மைனரின் தகட்டுப் பாகங்களைச் செய்து, இங்கிலாந்தின் பாத் நகருக்கே ஏற்றி அனுப்பினார்கள். காரைப் பெற்ற ஊருக்குக் காரின் எலும்பை நாம் அனுப்பினோம்! எங்களில் மூத்தவள் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்த காலத்தில், அங்கே ஒஸ்டின்களும் மொரிஸ்களும் ஓடிக்கொண்டிருந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபுரேட்டரில் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் அவை. அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது தாங்கியது. அந்தக் கார்களைப் பார்த்தவர்களுக்குப் பழைய இரும்பின் மேல் ஒரு மரியாதை வந்துவிடும்.

பஞ்சிகாவத்தையில் டட்சன் சனியின் ஏ14 எஞ்சின் ஒன்று ஐந்து கியர் பொக்ஸோடு கிடைத்தது. 1397 சிசி. மொரிஸ் எஞ்சினின் கிராங்கை மூன்று பேரிங் தாங்கும், இதில் ஐந்து. குதிரைவலு அறுபதுக்கு மேல். தலை அலுமினியம் என்பதால் எடை பெரிதாகக் கூடாது. மூன்று இரும்புக் குழாயை முக்காலியாகக் கட்டி, செயின் பிளொக் தொங்கவிட்டு, பழையதைத் தூக்கி எடுத்தோம். கடைசியாகக் கயிறு கட்டியது அப்பா. எங்கள் முடிச்சில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

புது எஞ்சின் உட்கார இடங்களை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. கியர் பொக்ஸ் நீளம் கூட, ஆகவே நடுவில் தரைத் தகட்டை அகட்டினோம். முன்னுக்கு டட்சன், பின்னுக்கு மொரிஸ் என்று இரண்டு ஷாப்டை ஒன்றாக்கினோம். பதுளை டவுனில் லேத் வைத்திருக்கும் பாஸ் ஒருவர், சிங்களவர், எங்களைப் பார்த்ததும் “யாருக்கு மிஸ், மகனுக்கா?” என்று கேட்டார். எங்களுக்குத்தான் என்றோம். அவர் சிரிக்கவில்லை. ஷாப்டைக் கண்ணளவில் ஒட்டித்தர முடியாது, கொழும்புக்கு அனுப்பிச் சமநிலை பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்த மனிதரின் அந்தக் குணத்தை நாங்கள் அப்போதே படித்திருக்க வேண்டும்.

2022 இல் பெற்றோலே இல்லை. கியூஆர் கோடு வந்த பிறகும் ஓடாத காருக்கு யார் எண்ணெய் கேட்பது? வேலையை மூடிவைத்தோம். 2023 பெப்ரவரியில் எஞ்சின் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட நாளில் எங்களுக்கு வயது பதினாறு.

பிரேக்கை மாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இங்கே வந்தோம்.

பழைய டிரம் பிரேக்கைச் சுத்தம் செய்து, பிரேக் ஷூ மாற்றி, காலால் மிதித்துப் பார்த்தோம். பிடித்தது. டிஸ்க் பிரேக் அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். சீட் பெல்ட்டும் அடுத்த சம்பளம். அப்பா ஒரு வார்த்தை சொன்னார்: “ஏறுறது பெரிசில்ல புள்ள. எறங்குறப்ப நிக்கணும்.” முப்பது வருடம் கொழுந்து லொறி ஓட்டிய மனிதர் சொல்கிறார்; ஒருத்திக்கு எம்பிபிஎஸ், மற்றவளுக்குக் கணிதப் பட்டம், கேட்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்கு ஏறினோம். பதுளை 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பண்டாரவளை 1,200 மீட்டருக்கு மேல். கார் பாட்டுப் பாடிக்கொண்டு போனது. ரேடியேட்டர் ஊசி அசையவில்லை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் முன் சீட்டில் வைத்துக் கொண்டுபோயிருப்போம் என்று பேசிக்கொண்டோம்.

திரும்பி வரும்போது, தெமோதரையைத் தாண்டி ஹாலிஎலைக்கு இறங்கும் வழியில் பிரேக் பெடல் தரை வரைக்கும் போனது. மறுபடியும் மிதித்தோம். பஞ்சை மிதிப்பது போல் இருந்தது. கீழே வளைவில் பஸ் தரிப்பிடம். அதில் வெள்ளைச் சீருடையில் அறநெறிப் பாடசாலை முடிந்த பிள்ளைகள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, காரை மலைப்பக்கம் திருப்பிக் கானுக்குள் விட்டோம். முன் சக்கரம் விழுந்தது, பக்கத் தகடு மண்மேட்டில் உரசி உரசி நின்றது. பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பிறகு போய் அளந்தோம். நாற்பத்தாறு யார்.

இளையவளின் இடது மணிக்கட்டு முறிந்தது. ஓட்டியவள் மூத்தவள். பிரேக் பிறகு பார்ப்போம் என்று சொன்னவளும் அவள்தான். 2021 மார்ச் 20 ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்த நாளை இந்த மண்டபத்தில் இருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த விபத்துக்குக் காரணம் வேறு, அதை இதோடு ஒப்பிடவில்லை. ஆனால் இந்த மலை ரோட்டில் அடிபட்டு வருகிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்த ஒரு வைத்தியர், சீட் பெல்ட் இல்லாத காரில் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினாள் என்பதை வேறு எந்த அழகான சொல்லாலும் சொல்ல முடியவில்லை.

அப்பா வந்தார். கானுக்குள் கிடந்த காரைப் பார்த்தார். பொனெட்டை மூடினார். எதுவும் சொல்லவில்லை. எட்டு மாதம் அந்தக் காரை யாரும் தொடவில்லை.

என்ன நடந்தது என்று இளையவள் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். காரும் நாங்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 கிலோ. அது 500 மீட்டர் கீழே இறங்கும்போது கிட்டத்தட்ட 50 இலட்சம் யூல் சக்தி எங்கேயாவது போக வேண்டும். பதினைந்து லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. பழைய காரில் நாங்கள் மெதுவாக, கீழ்க் கியரில், எஞ்சினே காரைப் பிடித்து இழுக்க இறங்குவோம். பாதி வெப்பத்தை எஞ்சினும் காற்றும் தின்றுவிடும். புதுக் கியர் பொக்ஸின் ஐந்தாம் கியரில் எஞ்சின் காரைப் பிடிப்பது குறைவு. வேகமோ கூட. ஆக முழுச் சுமையும் தட்டு அளவான நான்கு டிரம்களின் மேல் விழுந்தது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் குடித்த ஒயிலுக்கு அதே விதி 140 பாகைதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரைக்குப் போகும்.

இதை இந்தப் பாடசாலையின் விஞ்ஞானகூடத்தில், இரண்டு ஊசிக் குழாயையும் ஒரு ரப்பர் குழாயையும் வைத்து எங்கள் பௌதிகவியல் ஆசிரியை காட்டினார். பாஸ்கலின் விதி. நடுவில் ஒரு காற்றுக் குமிழியை விட்டு, “இப்ப அமுக்கிப் பாருங்கள்” என்றார். மற்றப் பக்கம் அசையவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எங்கள் இருவருக்கும் முழுப் புள்ளி. டீச்சர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

இரண்டாம் தரம் தொடங்கியபோது முதலில் பிரேக். பழைய மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சேசிக்குள் ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்கும் போல்டை அவிழ்த்தாலும் வெளியே இழுக்க முடியாது, டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். இஸிகோனிஸ் பெரிய மேதை, பிறகு மினியையும் வரைந்தவர். ஆனால் அந்த இரண்டு நாளும் அவரை நாங்கள் வாழ்த்தவில்லை. அந்த ஒரே சிலிண்டர்தான் நான்கு சக்கரத்துக்கும். ஒரு இடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். அதை எடுத்துவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ள இரட்டைச் சிலிண்டரைப் பொருத்தினோம்.

முன் சக்கர டிஸ்க்குக்கான சாமான்கள் லண்டனிலிருந்து வந்தன. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். கட்டுநாயக்கவில் பெட்டியைத் திறந்து, இது என்ன என்று கேட்டபோது, “பிரேக்” என்று மட்டும் சொன்னாளாம். பிள்ளைகளுக்குச் சொக்லட் வைக்க இடமில்லாமல் போனதற்கு அவளிடம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.

பிறகு பின் அச்சு. மொரிஸின் அரை ஷாப்ட் கூடிய முறுக்கைத் தாங்காமல் உடையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டட்சன் அச்சையே பட்டை ஸ்பிரிங்கில் உட்கார வைத்தோம். நான்கு பேருக்கும் சீட் பெல்ட். மாறிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தோம். இளையவளின் கணக்குக் கொப்பியைப் பார்த்தால், நிற்பதற்குச் செலவழித்தது ஓடுவதற்குச் செலவழித்ததை விடக் கூட.

நடுவில், 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அதுவரைக்கும் “காரை பொக்ஸ் ஹில்லுக்குக் கொண்டு போவோம் பெரியம்மா” என்று கேட்டுக்கொண்டிருந்த மருமக்கள் அதன் பிறகு கேட்கவில்லை.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தபோது, இனிப் புதுக் கார் வாங்கலாமே என்றார்கள். வாங்கவில்லை. அந்த வருடம் யூன் மாதம் அப்பாவை முன் சீட்டில் வைத்து, பண்டாரவளைக்கு ஏறி, அதே வழியால் மூன்றாம் கியரில் இறங்கினோம். அந்த வளைவு வந்ததும் அவருடைய வலது கால் தன் பாட்டில் தரையை மிதித்தது. நாங்களும் மிதித்தோம். கார் நின்றது. தரிப்பிடத்தில் இருந்த ஆச்சி ஒருவர், தனக்காகத்தான் நிறுத்தினோம் என்று நினைத்துப் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். ஹாலிஎலைச் சந்தியில் இறக்கிவிட்டோம்.

கார் வெளியே மைதானத்து ஓரத்தில் நிற்கிறது. பொனெட்டைத் திறந்து வைத்திருக்கிறோம். உயர்தர வகுப்புத் தங்கச்சிமார் வந்து பார்க்கலாம், கேட்கலாம், கையில் கிரீஸ் படலாம். பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் வைத்திருக்கிறோம், அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் நேற்றுத்தான் மாற்றியது.