ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?



காரில் வெளியூர் போகிறோம். தண்ணீர் பாட்டில், முறுக்கு, போர்வை எல்லாம் எடுத்து வைக்கிறோம். டிக்கியின் அடியில் கிடக்கும் ஸ்டெப்னியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

ஓடாத டயர்தானே என்று நினைக்கிறோம். சும்மா கிடந்தாலும் டயரில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வீட்டில் மாற்று சிலிண்டர் இருக்கிறது என்று நம்பி, சமையல் நடுவே தூக்கிப் பார்த்தால் காலி. அப்படித்தான் இதுவும். அதனால் மற்ற நான்கு டயருக்குக் காற்று பிடிக்கும்போது ஸ்டெப்னிக்கும் பிடியுங்கள்.

அதோடு ஜாக்கி, வீல் ஸ்பேனர் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார் வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள். ஒரு டார்ச், முதலுதவிப் பெட்டி, சிவப்பு முக்கோணப் பலகை. இவ்வளவும் ஒரு சிறிய பையில் அடங்கிவிடும். இரவில் பின்னால் வரும் லாரிக்கு உங்கள் வண்டி நிற்பதைச் சொல்வது அந்த முக்கோணம்தான். அதைக் காரை ஒட்டி வைக்காதீர்கள். நன்றாகத் தள்ளிப் பின்னால் வையுங்கள்.

டயர் மாற்றும்போது ஒன்று. முதலில் நட்டைத் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கியில் தூக்குங்கள். தூக்கிய காருக்கு அடியில் கை, கால் நுழைக்கவே கூடாது.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. இன்றே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். அப்படியே ஸ்டெப்னியையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.