சின்சில்லா வளர்ப்பு: புழுதிக் குளியலும் கூண்டுச் சுத்தமும்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



35 வருடம் வங்கியில் கணக்கு எழுதியவனுக்கு விலங்கு வளர்ப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். ஒரே ஒரு தகுதிதான். எங்கள் வீட்டில் நான்கு வருடமாக ஒரு சின்சில்லா இருக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், பேத்திக்குப் பள்ளிக்கூடம். ஆகவே கூண்டைப் பராமரிக்கும் பொறுப்பு ஓய்வு பெற்றவனிடம் வந்து சேர்ந்தது.

நம் பிளாக்கில் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் "எங்களுக்கும் ஒன்று வேண்டும்" என்று அடம்பிடிப்பதாகக் கேள்விப்பட்டேன். வேறு சிலர் "நாற்றம் வருமா, நோய் பரவுமா?" என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே இந்தப் பேச்சு.

எந்த ஊர்ப் பிராணி?

சின்சில்லா ஒரு கொறி விலங்கு. அரைக் கிலோ எடைதான் இருக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர்தான் அதன் சொந்த ஊர். மழை குறைவு, காற்று வறட்சி, இரவில் கடுங்குளிர் என்று இருக்கும் பாறைப் பிரதேசம். அந்தக் குளிருக்காகத்தான் அதற்கு அப்படி ஒரு ரோமம். நம் தலையில் ஒரு துளைக்கு ஒன்றிரண்டு முடி முளைக்கும். சின்சில்லாவுக்கு ஒரே துளையிலிருந்து ஐம்பதுக்கும் மேல் முளைக்கும். அந்த ரோமத்துக்காகவே மனிதன் அதை வேட்டையாடி, காட்டில் அநேகமாகத் துடைத்துவிட்டான். 1923-ல் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். இன்று வீடுகளில் வளர்க்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வழி வந்தவைதான்.

குளிர், வறட்சி, அடர்ந்த ரோமம். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

தண்ணீர் கூடாது, புழுதி வேண்டும்

சின்சில்லாவைத் தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. ரோமம் அவ்வளவு அடர்த்தி என்பதால் நனைந்தால் அடிவரை காயாது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், குளிரும் பிடிக்கும். ஷாம்பூ என்ற பேச்சே வேண்டாம். தப்பித்தவறி நனைந்துவிட்டால் துண்டால் ஒற்றி எடுத்து, ஏசி அறையிலேயே காயவிடுங்கள். சூடான ஹேர் டிரையர் காட்டாதீர்கள்.

அப்படியானால் எப்படிச் சுத்தமாகும்? கிராமத்தில் கோழி புழுதியைக் கிளறி அதில் புரண்டு, சிறகை உதறிக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வித்தைதான். சின்சில்லாவுக்கென்றே மிக நுண்ணிய எரிமலைச் சாம்பல் வகைத் தூள் கடைகளில் கிடைக்கிறது. கனமான ஒரு கிண்ணத்தில் இரண்டு விரல் உயரம் கொட்டி வைத்தால் அதுவே உள்ளே இறங்கிப் பம்பரமாய்ச் சுழலும். தூள் ரோமத்தின் அடிவரை போய் எண்ணெய்ப் பசையையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு வரும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நம் ஊரில் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் மழைக் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கிறோம். நேரம் முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்க உள்ளேயே கிடந்தால் அதைக் கழிப்பறை ஆக்கிவிடும், தோலும் வறண்டுபோகும், கண்ணும் உறுத்தும். கடற்கரை மணல், கட்டுமான மணல், முகத்துக்குப் போடும் பவுடர் இவை எதுவும் மாற்று ஆகாது. மணல் ரோமத்தை அறுக்கும், பவுடர் நுரையீரலுக்குக் கெடுதல்.

கையில் எடுக்கும்போது

ரோமத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். பயந்தால் கொத்தாக ரோமத்தை உங்கள் கையில் விட்டுவிட்டு ஓடிவிடும். எதிரியிடமிருந்து தப்பிக்க இயற்கை கொடுத்த வழி அது. சொட்டையான இடத்தில் மறுபடி முளைக்க மாதக் கணக்கில் ஆகும். ஒரு கையை மார்புக்குக் கீழேயும் மறு கையைப் பின்பாகத்துக்குக் கீழேயும் கொடுத்துத் தூக்குங்கள்.

வாரம் ஒருமுறை, ஐந்து நிமிடம், கீழ்க்கண்டவற்றைப் பார்ப்பது நல்லது.

பல்: முன்பற்கள் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் இருப்பதுதான் ஆரோக்கியம். வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள் அவை. எந்நேரமும் உலர்புல்லைக் கடித்தால்தான் தேயும். மோவாயில் எச்சில் வடிந்து ஈரமாக இருந்தால் பல்லில் கோளாறு என்று அர்த்தம்.

தோல்: மூக்கு, காது, பாதம் இவற்றைச் சுற்றி ரோமம் கொட்டிச் செதில் செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும். "நோய் பரவுமா?" என்று கேட்டவர்களுக்கு நேர்மையான பதில் இது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் பெரும்பாலும் பயமில்லை.

பாதம்: உள்ளங்காலில் சிவப்போ புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள்.

எடை: சமையலறைத் தராசில் ஒரு டப்பாவுக்குள் உட்காரவைத்து நிறுத்து, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இந்தப் பிராணி நோயை வெளியில் காட்டாது. தொடர்ந்து எடை குறைவதுதான் முதல் எச்சரிக்கை. ஆண் சின்சில்லாவாக இருந்தால் குறியைச் சுற்றி ரோமம் வளையமாகச் சிக்கியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்று மருத்துவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

கூண்டுக் கணக்கு

சின்சில்லாவின் உடம்பில் நாற்றமே கிடையாது. புழுக்கை நாளுக்கு நூற்றுக்கணக்கில் போடும். ஆனால் அது வறண்டது, பெருக்கி எடுத்துவிடலாம். ஆகவே ஒரு வீட்டில் நாற்றம் வந்தால் அது பிராணியின் குற்றமல்ல. மூத்திரம் ஊறிய படுக்கையை மாற்றாதவரின் குற்றம்.

தினமும்: தண்ணீர்க் குப்பியைக் கழுவி மாற்றுவது, நமத்த புல்லை எடுப்பது, புழுக்கையைப் பெருக்குவது, ஈரமான மூலையை மட்டும் அள்ளிப் போட்டுப் புதிது வைப்பது. காலையில் பத்து நிமிட வேலை.

வாரம் ஒருமுறை: படுக்கை முழுவதையும் மாற்றுவது, தட்டுகளையும் பலகைகளையும் துடைப்பது. படுக்கைக்குக் காகிதத் துகள் நல்லது. சிடார் மரச்சீவல் வேண்டாம். அதன் வாசனை எண்ணெய் மூச்சுக்குக் கெடுதல். துணி விரித்தால் நூல் பிரியாத துணியாக இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை: பிராணியை வேறு பெட்டியில் விட்டுவிட்டு, கூண்டைப் பிரித்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துத் திரும்ப மாட்டுவது. தட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கும் மூத்திரக் கறை சாதாரண சோப்புக்குப் போகாது. போர் தண்ணீர் பட்ட குழாயில் படியும் வெள்ளை உப்பு மாதிரிதான் அதுவும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் வந்துவிடும். பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

பினாயில், ரச கற்பூரம், கொசுவர்த்தி, ஊதுபத்தி இவற்றைக் கூண்டு இருக்கும் அறையில் பயன்படுத்தாதீர்கள். மாநகராட்சியார் கொசுப் புகை அடிக்க வரும்போது அந்த அறையின் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

கூண்டின் தரை வெறும் கம்பி வலையாக இருந்தால் பாதம் புண்ணாகும், கால் சிக்கி ஒடியவும் ஒடியும். தட்டையான தரை வேண்டும். பிளாஸ்டிக்கைக் கடித்து விழுங்கும் என்பதால் உள்ளே உலோகமும் மரமும் மட்டும் இருக்கட்டும்.

வெயில்தான் பெரிய விஷயம்

எல்லாவற்றையும்விட முக்கியமானதை இப்போது சொல்கிறேன். சின்சில்லாவுக்கு ஏற்றது 20 டிகிரியை ஒட்டிய வெப்பம். 27 டிகிரியைத் தாண்டினாலே வெப்பத் தாக்குதல் வரலாம். காது சிவந்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்து மூச்சு வாங்கினால் அது ஆபத்து நிலை. உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, மருத்துவரை அழையுங்கள்.

சென்னையில் வருடத்தில் எத்தனை நாள் அறை வெப்பம் 27-க்குக் கீழே இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஏசி இல்லாமல் இங்கே வளர்க்க முடியாது. மின்விசிறி உதவாதா என்று கேட்பீர்கள். நமக்கு வியர்க்கிறது, காற்றுப் பட்டால் குளிர்கிறது. அதற்கு வியர்க்காது. விசிறி சூடான காற்றைத்தான் அதன்மேல் வீசும்.

இனி நம் குடியிருப்பு விஷயம். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும். ஆனால் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் இணைப்பு, ஏசிக்குக் கிடையாது. மே மாதப் பிற்பகலில் மூன்று மணி நேரம் மின்தடை என்றால் நமக்கு எரிச்சல், அதற்கு உயிராபத்து. ஆகவே எங்கள் ஃப்ரீசரில் இரண்டு பாட்டில் தண்ணீர் எப்போதும் உறைந்தே இருக்கும். அதைத் துணியில் சுற்றிக் கூண்டில் வைப்போம். கூடவே ஒரு கிரானைட் துண்டு. கடப்பைக் கல்லும் ஆகும். அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். அறிவிக்கப்பட்ட மின்தடை நாளில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கிறோம்.

பொது இடத்தில் கவனிக்க வேண்டியவை

கூண்டை வராந்தாவிலோ மொட்டை மாடிக் குழாயடியிலோ கழுவாதீர்கள். பால்கனியில் உதறினால் கீழ்வீட்டுக்காரரின் காயும் துணிமேல் விழும். பழைய படுக்கையையும் குளியல் தூளையும் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அது நான்கு தளத்துக்கும் பொதுவான குழாய். காகிதத்தில் பொதிந்து குப்பையில் சேருங்கள். இரவில் விழித்திருக்கும் பிராணி என்பதால் சக்கரத்தில் ஓடும் சத்தம் கீழே கேட்கும். கூண்டின் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தால் குறையும். குளியல் தூள் ஏசியின் வடிகட்டியை அடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் கழுவுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் நன்றாக யோசியுங்கள்.

வாங்கும் முன் ஒரு கணக்கு

சின்சில்லா பத்து வருடத்துக்குமேல் வாழும். இருபது வருடம் வாழ்ந்தவையும் உண்டு. இன்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். இது இடையில் முறிக்க முடியாத நீண்டகால டெபாசிட். எனவே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தினமும் காலையில் பத்து நிமிடம் தரப்போவது யார்? அந்த ஏசியின் மின்கட்டணம் எவ்வளவு வரும்? நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? சிறு கொறி விலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா? இதில் ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றாலும் தயவுசெய்து வாங்காதீர்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டால், அவர்களை மாலை ஆறு மணிக்குமேல் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். புழுதிக் குளியலைப் பார்க்கட்டும். அப்படியே துடைப்பத்தைப் பிடிக்கவும் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் அடுத்த மின்தடைக்கு முன் ஃப்ரீசரில் இரண்டு பாட்டில் வைத்துவிடுங்கள்.