கரும்புத் தோட்டத்துச் சோறு

ஒரு நாட்டின் வரலாற்றை அறியக் கோட்டைகளையும் கல்வெட்டுகளையும் நாடிச் செல்வோர் பலர். சில வேளைகளில் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை; உண்ணும் தட்டே போதும். ஹவாய்த் தீவுகளில் வாழும் ஜப்பானியரின் உணவு இதற்கு நல்ல சான்று.

பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய், 19-ஆம் நூற்றாண்டில் தனி அரசாக விளங்கியது. அங்குக் கரும்புத் தோட்டங்கள் பெருகின, ஆள் போதவில்லை. 1868-இல் ஏறத்தாழ 150 ஜப்பானியர் சென்றனர். 1885 முதல் ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். நம் தமிழ் மக்கள் மொரீசியஸுக்கும் நேட்டாலுக்கும் கரும்பு வெட்டச் சென்ற கதையும் இதுவே அன்றோ?

சீனர், போர்ச்சுகீசியர், கொரியர், பிலிப்பினர் ஆகியோரும் அத்தோட்டங்களுக்கு வந்தனர். இனத்துக்கொரு குடியிருப்பு, இனத்துக்கொரு கூலி. பிரிந்திருப்போர் ஒன்றுகூடி உரிமை கேட்கமாட்டார் என்பது முதலாளிகளின் கணக்கு. ஆனால் நண்பகலில் பசி எல்லாரையும் ஒரு நிழலில் அமர்த்தியது. ஒவ்வொருவர் கையிலும் ஈரடுக்குத் தகரப் பாத்திரம். கீழடுக்கில் சோறு, மேலடுக்கில் தொடுகறி. ஜப்பானியரின் ஊறுகாயும், கொரியரின் காரக் கோசும், பிலிப்பினரின் புளிச்சாறு கலந்த இறைச்சியும் கைமாறின.

சில ஆண்டுகளுக்கு முன் ஹொனலூலு நகரில், இந்த மரபில் வந்த சிற்றுண்டிச்சாலை ஒன்றில் உண்டேன். மர மேசைகள், மங்கிய விளக்கு, வேலை முடிந்து வந்தோரின் உரத்த சிரிப்பு. ஒரு மூலையில் மதுக்கலவை செய்யும் மேடை. ஆடம்பரம் சிறிதும் இல்லை. சுவரலமாரியில், நெளிந்துபோன ஈரடுக்குப் பாத்திரம் ஒன்று இருந்தது. அது தம் பாட்டனார் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றது என்றார், கடையை நடத்திய மூதாட்டியார்.

முதலில் ‘போக்கே’ வந்தது. பச்சை மீன் துண்டுகளில் உப்பும் கடற்பாசியும் சேர்ப்பது ஹவாய் மக்களின் பழைய முறை. சோயாச் சாறு ஆசியக் குடியேறிகளால் வந்தது. மீனுண்ணும் எனக்கும் பச்சை மீன் புதிதுதான்; ஆயினும் தயக்கம் முதற்கவளத்தோடு தீர்ந்தது. அடுத்து ‘முசுபி’. சோற்றுக் கட்டியின்மேல் தகரத்தில் அடைத்த பன்றியிறைச்சித் துண்டை வைத்துக் கடற்பாசித் தாளால் சுற்றியிருந்தனர். ‘ஸ்பாம்’ எனும் அவ்விறைச்சி 1937-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. போர்க்காலத்தில் ஹவாய் எங்கும் பரவியது. அச்சிறு கட்டிக்குள் ஜப்பானியச் சோறும் போரின் நினைவும் ஒருங்கே இருந்தன.

பக்கத்து மேசையில் நீல நிற மது ஒன்று ஒளிர்ந்தது. ‘புளூ ஹவாய்’ என்பது அதன் பெயர். தீவின் பழம்பானம்போல் தோன்றும் அது, 1957-இல் ஹாரி யீ என்பவர் வைகீகிக் கடற்கரை விடுதியில் கலந்தது. நீலமது ஒன்றை விற்க விரும்பிய நிறுவனத்தின் வேண்டுகோளால் பிறந்தது. நான் அன்னாசிச் சாறு பருகியவாறே எண்ணினேன்: பகட்டாய் ஒளிர்ந்தது வணிகத்தின் படைப்பு, எளிதாய்த் தட்டில் கிடந்ததே மக்களின் வரலாறு.

1909-இல் அத்தோட்டங்களில் ஜப்பானியர் மட்டும் கூலி உயர்வு கேட்டுப் போராடினர். மற்ற இனத்தாரைக் கொண்டு அப்போராட்டம் முறியடிக்கப்பட்டது. 1946-இல் எல்லா இனத்தாரும் ஒரே சங்கமாக நின்று, 79 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். சோற்றைப் பகிர்ந்ததால் மட்டுமே வென்றனர் என்று நான் கூறவில்லை. ஆனால், அடுத்தவன் சோற்றைத் தொட அஞ்சுபவன் அவன் தோளோடு தோள் நிற்பது அரிது.

2016-இல் ஹவாயின் கடைசிச் சர்க்கரை ஆலையும் மூடப்பட்டது. தோட்டம் போயிற்று, பகிர்ந்த சோறு நிலைத்தது. பள்ளிப் பணியில் நான் நெடுங்காலம் கவனித்து வந்த ஒன்று உண்டு. வகுப்பில் ஒரே பலகையில் அமரும் மாணவர் சிலர், உணவு மணி அடித்ததும் வேறு வேறு மரத்தடிக்குப் பிரிந்து செல்வர். மாணவர்களே, நாளை நண்பகலில் உங்கள் பாத்திரத்தைத் திறக்குமுன் சுற்றிலும் ஒருமுறை நோக்குங்கள். தனியே அமர்ந்திருப்பவனை அழையுங்கள்.