முன்பணம் கொடுக்குமுன் கிராண்டைப் பாருங்கள்



தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைதான் நமக்கு. வேலை ஓய்ந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். சேமநிதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வயதான காலத்தில் வீடு தேடி அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் படிக்கிற காலத்திலேயே இதைப் பற்றி யோசிப்பது நல்லது. நான் நன்கறிந்த ஊர் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணி. அதை வைத்தே சொல்கிறேன்.

முன்பு ரப்பர் மரம் நின்ற இடங்களில் இன்று தாமான்கள் எழுந்துவிட்டன. பினாங்கிலும் கூலிம் தொழிற்பேட்டையிலும் வேலை செய்வோர் பலர் இங்கே வீடு வாங்குகிறார்கள். ஆகவே நெடுஞ்சாலைக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு விலை, உள்ளே தள்ளி இருப்பதற்கு ஒரு விலை. பலகையில் எழுதியிருப்பது கேட்கிற விலைதான். அதே வரிசையில் கடைசியாக விற்ற வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று விசாரியுங்கள். வங்கியும் தன் மதிப்பீட்டாளர் சொல்லும் தொகையைப் பார்த்தே கடன் கொடுக்கும். இரவில் ஒருமுறை போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பெருமழைக்கு மறுநாள் இன்னொரு முறை போங்கள்.

இனி கணக்கு. வீட்டின் விலை 250,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கொடுத்தால் நாம் போட வேண்டியது 25,000 வெள்ளி. மீதியை 4 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுகளுக்குக் கட்டினால் மாதம் ஏறத்தாழ 1,075 வெள்ளி வரும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. ஒருவர் சம்பளத்தில் இது நடவாது. இருவர் உழைக்கும் குடும்பமே தாங்கும். பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்குமேல் 500,000 வரை 2 விழுக்காடு. நம் கணக்கில் 4,000 வெள்ளி. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு, 500,000 வெள்ளிக்கு மேற்படாத வீட்டுக்கு, 2021 முதல் விலக்கு அளித்து வந்திருக்கிறார்கள். கையெழுத்திடுமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். முன்பணத்துக்குச் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம்.

என் பழைய மாணவன் ஒருவனின் தந்தை பால்வெட்டுத் தொழிலாளி. பட்டணத்துக்குப் பக்கத்தில் மலிவு விலையில் வீட்டுமனை என்று ஒருவர் கூடாரம் போட்டு விற்றார். இவர் 12,000 வெள்ளி கொடுத்தார். கையில் ஒரு ரசீது, ஒரு வரைபடம், அதில் இவருடைய மனைக்கு ஓர் எண். மூன்று வருடம் கழித்து நில அலுவலகத்தில் கேட்டபோது அந்த இடம் முழுவதும் ஒரே கிராண்ட், விவசாய நிலம். மனையாகப் பிரிக்கவே இல்லை. பணம் கொடுத்தவர் ஒருவர் பெயரும் அதில் இல்லை. ரசீதை என்னிடம் நீட்டி, “வாத்தியாரே, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். முன்னமே கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

கிராண்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நில அலுவலகத்தில் லோட் எண்ணைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, ‘சாரியான்’ வேண்டும் என்று கேளுங்கள். ‘பங்குனான்’ என்றிருந்தால் கட்டட நிலம். ‘பெர்தானியான்’ என்றிருந்தால் விவசாய நிலம். உரிமையாளர் பெயர் உங்களுக்கு விற்பவர் பெயர்தானா, குத்தகை நிலமானால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி, ‘காவெயாட்’ ஏதும் போட்டிருக்கிறதா, மாநில அரசின் சம்மதமில்லாமல் கைமாறக் கூடாது என்றிருக்கிறதா, எல்லாம் அதிலேயே இருக்கும். மலாய் ஒதுக்கீட்டு நிலமானால் நம் பெயருக்கு மாற்ற முடியாது. புது வீடாக இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ‘புக்கிங்’ என்று பணம் வாங்க மேம்பாட்டாளருக்குச் சட்டத்தில் இடமில்லை.

மலாய் வாசிக்கத் தடுமாறுகிறவர்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இந்தச் சொற்கள் தெரியும். கோலமூடா மாவட்ட நில அலுவலகம் சுங்கைப்பட்டாணியிலேயே இருக்கிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான்; ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும். பள்ளியும் அன்று உண்டு. ஒருநாள் விடுப்புக் கேட்டால் எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.