60-ஆ, 70-ஆ, 85-ஆ? வயசு ஒண்ணுதான், கணக்கு மட்டும் ஏன் இத்தனை?

(மூத்த குடிமக்கள் உதவி முகாமின் தொடக்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க. வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.)



முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அம்மாமார்களே, ஐயாமார்களே, பின்னாடி நின்னு செல்போன்ல படம் எடுத்துக்கிட்டிருக்கிற தம்பி தங்கைகளே! ஒரே ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒருத்தர் எந்த வயசுல மூத்த குடிமகன் ஆகிறார்?

"அறுபது"ன்னு சொல்றீங்க. சரிதான். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் அதைத்தான் சொல்லுது. 60 வயது நிரம்பிய இந்தியக் குடிமக்கள் எல்லாருமே மூத்த குடிமக்கள். ஆணுக்கு ஒண்ணு, பெண்ணுக்கு ஒண்ணுன்னு அதில் கிடையாது.

ஆனா ஒவ்வொரு கவுன்டரா போய் நின்னு பாருங்க. அங்கே கணக்கே வேற.

▪ ரயில் டிக்கெட் சலுகை: ஆண்களுக்கு 60 வயசுல 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயசுல 50 சதவீதம்னு இருந்துச்சு. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினாங்க. கொரோனா போயிடுச்சு, சலுகை வரல.
▪ மத்திய அரசின் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு, வருமானம் பார்க்காம எல்லா முதியவருக்கும்னு 2024 அக்டோபரில் வந்துச்சு. ஆனா 70 வயசு ஆகணும்.
▪ வீட்டிலிருந்தே தபால் ஓட்டு: 80 வயசுன்னு இருந்ததை 2024 மார்ச்சில் 85 ஆக்கிட்டாங்க.
▪ மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியம்: வயசு 60தான். ஆனா வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கணும். 79 வயசு வரைக்கும் மத்திய அரசின் பங்கு மாசம் 200 ரூபாய்!

200 ரூபாய். இன்னைக்கு அதை வெச்சு ஒரு வாரத்துக்கு பிபி மாத்திரையும் பாலும் வாங்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

அறுபதுன்னு சட்டம் சொல்லுது. கையில ஏதாவது கொடுக்க வேண்டிய இடம் வந்தா, ஒண்ணு வயசைத் தள்ளிப் போடுறாங்க, இல்லேன்னா பணத்தைச் சுருக்குறாங்க. வயசைக் குறைக்க முடியாதான்னா, முடியும். இதே ஓய்வூதியத்துக்கு முன்னாடி 65 வயசு. 2011-ல் அதை 60 ஆக்கினாங்க. மனசு இருந்தா நடக்கும்.

இப்போ இதைவிடப் பெரிய பிரச்சினைக்கு வர்றேன்.

ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல ஒரு அம்மாவைப் பார்த்தேன். நூறு நாள் வேலைக்குப் போறாங்க. "உங்க வயசு என்னம்மா?"ன்னு கேட்டேன். "தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ என் தம்பியை இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடுனேன் சாமி"ன்னாங்க. அந்தப் புயல் 1964 டிசம்பர். தம்பியைத் தூக்கிக்கிட்டு ஓடணும்னா ஏழெட்டு வயசாவது இருக்கும். இன்னைக்கு அவங்களுக்கு 65 தாண்டியாச்சு. ஆனா ஆதார்ல என்ன இருக்கு? 1969 ஜனவரி 1. பிறந்த தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் ஜனவரி ஒண்ணுன்னு போட்டுவிட்ட கதை உங்க ஊர்லயும் நடந்திருக்கும்.

முதியோர் பணத்துக்கு மனு கொடுத்தா, "இன்னும் வயசு ஆகல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பள்ளிக்கூடமே போகாத அந்தம்மா எந்தச் சர்டிபிகேட்டைக் கொண்டுவருவாங்க?

இத்தனைக்கும் ஆதார் ஒரு அடையாள அட்டைதான், பிறந்த தேதிக்கான ஆதாரம் இல்லைன்னு உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபரில் சொல்லிடுச்சு. ஓய்வூதியத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையும் வழி சொல்லுது. பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ இல்லேன்னா ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டையைப் பார்க்கலாம். அதுவும் இல்லேன்னா அரசு மருத்துவர் வயதுச் சான்று கொடுக்கலாம். விதி இருக்கு. அதை அந்தம்மாகிட்ட சொல்லத்தான் ஆள் இல்லை.

தோழர்களே, அந்த ஆள் நாமதான். அதுக்குத்தான் இந்த முகாம்.

இதைப் படிக்கிற நீங்க இந்த வாரம் செய்ய வேண்டியது:

1. உங்க தெருவுல இருக்கிற பெரியவங்களோட ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை மூணையும் வாங்கி வயசை ஒப்பிட்டுப் பாருங்க. ஆதார்ல பிறந்த தேதியைத் திருத்துறதுக்குப் பொதுவா ஒரே ஒரு வாய்ப்புதான். அவசரப்பட்டு அதை வீணாக்கிடாதீங்க.

2. மனுவைத் திருப்பி அனுப்பினா, காரணத்தை எழுத்துல கேட்டு வாங்குங்க. வாய்வார்த்தையை நம்பி வீட்டுக்கு வந்துடாதீங்க.

3. பிள்ளைங்க கவனிக்கலேன்னா கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம். கவனிங்க, பெத்தவங்க பிள்ளைங்ககிட்ட ஜீவனாம்சம் கேட்க 60 வயசு ஆகணும்னு அவசியமே இல்லை. 52 வயசு அம்மாவும் கேட்கலாம்னு அதே 2007 சட்டம் சொல்லுது.

4. 14567. முதியோருக்கான இலவச உதவி எண். வீட்டுச் சுவத்துல பெருசா எழுதி வையுங்க.

நம்ம கோரிக்கை மூணே மூணு. சட்டத்தில் இருக்கிற 60-ஐயே எல்லாத் திட்டத்துக்கும் வயசா வையுங்க. ரயில் சலுகையைத் திருப்பிக் கொடுங்க. 200 ரூபாயை மனுஷன் வாழுற அளவுக்கு உயர்த்துங்க.

தமிழ்நாட்டுல 1962-லேயே முதியோர் ஓய்வூதியம் ஆரம்பிச்சாங்க. எத்தனையோ ஆட்சி மாறியும் அது நிக்கல. ஏன்னா அது யாரோ போடுற பிச்சை இல்லை. நாத்து நட்டு, செங்கல் சுமந்து, வலை இழுத்து இந்த நாட்டைக் கட்டினவங்களுக்கு நாடு திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்.

அந்த ராமநாதபுரத்து அம்மா மறுபடியும் மனு கொடுத்திருக்காங்க. இந்தத் தடவை அரசு மருத்துவரோட வயதுச் சான்றும் கூட இருக்கு, பக்கத்துல நம்ம பொண்ணு ஒருத்தியும் நிக்கிறா. உங்க தெருவுலயும் அப்படி ஒரு அம்மா இருப்பாங்க. போய்ப் பாருங்க. பார்த்ததைக் கீழே கமென்ட்ல எழுதுங்க.



#அறுபதுன்னா_அறுபதுதான்
#முதியோர்_உரிமை